அண்ணனின் தாடை

கோவையில், மூடிப்போன நூற்பாலை ஒன்றின் கிடங்கில், பத்துப் பேர் கூடி வேலை செய்யும் மரப்பட்டறை ஒன்று இருந்தது. அதை நடத்தியவர் ரெஜினா. அங்கே கற்றுக்கொள்ள வந்தவர்களில் மூத்தவர் கனகசபை. கூட்டுறவுச் சங்கத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ரெஜினாவுக்கு அவருடைய மகள் வயதுகூட இருக்காது. ஆனாலும் அவர் "மாஸ்டர்" என்றுதான் கூப்பிடுவார். மற்றவர்கள் சிரித்தால், "கத்துக் குடுக்கிறவங்கதான் மாஸ்டர்" என்பார்.

பட்டறையின் நடுவே சி.என்.சி. ரவுட்டர் என்ற இயந்திரம் நின்றது. கணினியில் வரைந்ததை அது தானாகவே மரத்தில் வெட்டும். கத்தி ஊடுருவி மேசையைக் கெடுத்துவிடாமலிருக்க, அடியில் வேண்டாத பலகை ஒன்றை வைப்பார்கள்.

ரெஜினா ஒரு வாரம் வேளாங்கண்ணி போயிருந்தார். சாவி கனகசபையிடம் இருந்தது.

அன்று அவர் பேத்தியின் பெயரை வெட்ட உட்கார்ந்தார். பிறந்தநாளுக்குள் முடிக்க வேண்டும். அலமாரியில் கவிழ்ந்து கிடந்த பலகை ஒன்றை எடுத்து அடியில் கொடுத்தார். திருப்பிப் பார்க்கவில்லை. கத்தி இறங்கும் ஆழத்தையும் அதிகமாகக் கொடுத்துவிட்டார். இயந்திரம் கேள்வி கேட்கவில்லை.

பெயர் அழகாக வந்தது. பிறகுதான் அடிப்பலகையை எடுத்துத் திருப்பினார்.

அது செண்பகவல்லியின் பலகை.

செண்பகவல்லியும் அங்கே கற்றுக்கொள்ள வருபவள்தான்; செவிலி. உடுமலையில் இருக்கும் அவள் அப்பாவுக்குப் பார்வை போய்விட்டது. அவர் தடவிப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று, வீட்டார் முகங்களை ஒரே குமிழ்மரப் பலகையில் உளியால் புடைப்பாகச் செதுக்கி முடித்திருந்தாள். விடுப்பு கிடைத்த நாளெல்லாம் அதே வேலை. இப்போது ஒரு முகத்தில் மூக்குக்குக் கீழே எதுவும் இல்லை. சாலை விபத்தில் இறந்துபோன அவள் அண்ணனின் முகம் அது.

அவள் வர இன்னும் நான்கு நாள் இருந்தது. அவளைக் கூப்பிடக் கைப்பேசியை எடுத்தார். வைத்துவிட்டார்.

உடைந்த இடத்தில் மரத்தூளும் பசையும் குழைத்து அப்பினார். அண்ணனை அவர் பார்த்ததில்லை. தன் தாடையையே தடவித் தடவிப் பார்த்து, அதுபோல ஒரு தாடையைப் பிடித்துவைத்தார். ஒட்டுப்போட்டது பளிச்சென்று தெரிந்ததால், இயந்திரத்தில் தொடுமுள்ளை மாட்டினார். முள் ஒவ்வொரு முகத்தையும் புள்ளி புள்ளியாகத் தொட்டு அளந்தது. அந்த அளவுப்படி இயந்திரம் வெட்ட, வேறொரு குமிழ்மரப் பலகையில் அத்தனை முகங்களும் அப்படியே எழுந்தன. உளி பட்ட தடம் தெரிய வேண்டுமே என்று, மேலே லேசாக உளியும் ஓட்டினார். பழைய பலகை அவர் வீட்டு வெந்நீர் அடுப்பில் எரிந்தது.

செண்பகவல்லி வந்தாள். பலகையை எடுத்துப் பார்த்தாள். "என் கைக்கு இவ்வளவு வருமான்னு எனக்கே தெரியலீங்கண்ணா" என்று சிரித்தாள். துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு உடுமலைக்குப் பேருந்து ஏறினாள்.

கனகசபை அன்று நிம்மதியாகச் சாப்பிட்டார்.

அவள் திரும்பி வந்தபோது முகம் வாடியிருந்தது.

"அப்பாவுக்குப் பிடிச்சுதா அம்மணி?"

"எல்லாரையும் தொட்டதும் சொல்லிட்டாருங்கண்ணா. அம்மா, நான், தங்கச்சி, எல்லாரையும். அண்ணன்கிட்ட வந்ததும் நின்னுட்டாரு. இது யாரோ வேத்தாளுன்னாரு."

கனகசபை கையிலிருந்த உளியைக் கீழே வைத்தார்.

"அண்ணன்தான்ப்பான்னு சொன்னேன். மறுபடி மறுபடி தடவினாரு. அப்புறம் அழுதுட்டாரு. 'பெத்த பையன் முகமே என் கைக்கு மறந்துபோச்சே'ன்னு. இப்ப சோறுகூடச் சரியா எறங்க மாட்டேங்குது. எந்நேரமும் அந்தப் பலகையை மடியில வச்சுத் தடவிக்கிட்டே இருக்காரு."

அவள் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "எனக்கும் மறந்துதான் போயிருக்கும்போல. இல்லேன்னா இப்படிச் செதுக்குவனா?"

அவள் போன பிறகு, கனகசபை வேளாங்கண்ணியிலிருந்து திரும்பியிருந்த ரெஜினாவிடம் போனார். நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னார். சொல்லும்போது அவர் கை தானாகத் தாடையை மூடிக்கொண்டது.

ரெஜினா குறுக்கே பேசாமல் கேட்டார்.

"பழைய பலகை?"

"எரிச்சுட்டனுங்க மாஸ்டர்."

"ம்."

"அண்ணனோட போட்டோ ஒண்ணு எப்படியாவது வாங்கிடறேன். அதைப் பார்த்துச் சரியா வெட்டிக் குடுத்தர்றனுங்க. ஏதாவது சாக்குச் சொல்லிப் பலகையை மாத்திடலாம்."

ரெஜினா மேசையிலிருந்த மரத்தூளைத் துடைத்தார்.

"இல்லேன்னா நேராவே சொல்லிடலாமுங்களா? சொன்னா, அந்தப் பெரியவர் என்னை மன்னிப்பாருங்களா?"

ரெஜினா எழுந்து இயந்திரத்தருகே போனார். அதன் பக்கவாட்டில், உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சிவப்புப் பொத்தான் இருந்தது.

"இது எதுக்குங்கய்யா?"

"ஏதாவது தப்பாச்சுன்னா நிறுத்தறதுக்குங்க."

"இதை அழுத்தினா, வெட்டுப்பட்ட மரம் ஒட்டிக்குமா?"

"ஒட்டாதுங்க."

"போன மரம் திரும்ப வருமா?"

"வராதுங்க."

"அப்புறம் எதுக்கு இதை வச்சிருக்காங்க?"

பட்டறையை விட்டு எல்லோரும் போயிருந்தார்கள். இயந்திரம் அசையாமல் நின்றது.

"உடுமலையில அவர் விரல் அந்த முகத்து மேலதான் இருக்கு" என்றார் ரெஜினா. "நீங்க செஞ்சது இன்னும் அவரை வெட்டிக்கிட்டுத்தான் இருக்குங்கய்யா."