தலைவர் தொடங்கி வச்ச நீலம்

மூக்கப் பொத்தாதீங்கடா, உங்க வயித்துலயும் அதேதான் இருக்கு! கதையக் கேளுங்க.

வாய்க்கால் நாத்தத்துக்குக் கரையோரக் குடிசைங்கதான் காரணம்னு நகர் சங்கத் தலைவர் தணிகாசலம் கூட்டத்துல கத்தினாரு. "எங்க வீட்டுலல்லாம் செப்டிக் டேங்க் இருக்கு. இது உங்களுது இல்லன்னு காட்டுங்க, இல்லாட்டி குடிசையக் காலி பண்ணுங்க!"

குடிசையிலேருந்து வந்த குழாய் ரிப்பேர்காரன் மாசிலான் கையக் கட்டிக்கிட்டான். "அதுல பேரா எழுதியிருக்கும் சார்? வீடு வீடா கக்கூஸுல சொட்டு நீலம் ஊத்திப் பாப்போம். டேங்குக்குப் போனா வாய்க்காலுக்கு வராது. உங்க கையாலயே தொடங்கி வைங்க."

தொடங்கி வைக்கறதுன்னா தலைவருக்கு உசுரு. டேங்க் கதையச் சொல்லிச் சொல்லி அவரே நம்பியும் போயிருந்தாரு. மாலையப் போட்டுக்கிட்டு, தன் வீட்டு கக்கூஸுல பாட்டிலக் கவுத்து, வாளித் தண்ணிய ஊத்திட்டு, கைதட்டல் வாங்க வாய்க்காலுக்கு வந்தாரு. அவருக்கு முன்னாடியே நீலம் வந்து நின்னுச்சு.

ஜனமே சிரிச்சுது. தலைவருக்கு மாலையோட தல தொங்கிப்போச்சு. "எப்படிடா கண்டுபிடிச்ச?"

மாசிலான் சிரிக்கல. அந்தத் தண்ணியிலதான் அவன் பொண்டாட்டி துணி அலசுவா.

"கண்டுபிடிக்கல சார். டேங்க் வேணாம்னு நீங்க சொன்னப்ப, தலையாட்டிட்டு மண்ணுக்கடியில வாய்க்காலுக்குக் குழாய் போட்டவனே நான்தான்."