ஈ எச்சம்

அரண்மனைக் கூடத்தில் ஒரு பெண்ணின் எண்ணெய் ஓவியம் தொங்கியது. நூற்றைம்பது வருடப் பழசு. அவள் யார், வரைந்தவர் யார் என்று ஒருவருக்கும் தெரியாது. அங்கே வேதவல்லி டீச்சரிடம் முகம் வரையக் கற்க வருகிறவர்கள் முதலில் அதைப் பார்த்து நகல் எடுக்க வேண்டும். அது சரியாக வந்த பிறகுதான் உயிருள்ள முகம்.

தைரியநாதன் பதினோரு மாதமாக அந்த நகலோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். டீச்சரைவிடப் பதினைந்து வயது மூத்தவர். தன் அக்காவை வரைய வேண்டும் என்பதற்காகவே கற்க வந்தவர்.

அக்கா ரோஸம்மாளுக்குத் தாடையில் கட்டி. வெள்ளிக்கிழமை ஆபரேஷன். எலும்பில் ஒரு பகுதியை எடுத்துவிடுவார்கள். அதற்குப் பிறகு முகம் இப்படி இருக்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

"என்னடா, அந்த அரண்மனைக்காரிக்கு இன்னும் அலங்காரம் முடியலையா?" என்று அக்கா காலையில் கேட்டாள். "நான் பாதி முகத்தோட வந்தா உனக்கு வேலை மிச்சம்னு பார்க்கிறியோ?"

அவருக்குச் சிரிப்பு வரவில்லை.

அன்று திங்கட்கிழமை. மோவாய்க்குக் கீழே நிழலைப் பூசினார். கத்தியால் சுரண்டினார். மறுபடி பூசினார். மறுபடி சுரண்டினார். டீச்சர் பின்னால் வந்து நின்றதுகூட அவருக்குத் தெரியவில்லை.

"நல்லாத்தானே இருந்துச்சு. ஏன் சுரண்டினீங்க?"

"வியாழக்கிழமை காலையில ஆஸ்பத்திரியில சேர்க்கணும் டீச்சர். நாளைக்கும் நாளன்னைக்கும்தான் இருக்கு."

டீச்சர் பழைய படத்தையும் நகலையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அவ வலது கண்ணுல, அந்த வெள்ளைப் புள்ளிக்குள்ள கறுப்பா ஒண்ணு இருக்கே. உங்க படத்துல காணோமே?"

"அது ஈ எச்சம் டீச்சர். அழுக்கை எதுக்கு வரையணும்னு விட்டுட்டேன்."

டீச்சர் கைப்பையிலிருந்து லென்ஸை எடுத்து நீட்டினார்.

வெள்ளைப் புள்ளி ஒரு ஜன்னலாக இருந்தது. குறுக்குக் கம்பிகூடத் தெரிந்தது. ஜன்னலுக்கு முன்னால் ஒரு மனிதன். ஒரு கையைத் தூக்கியிருந்தான். கையில் மயிரிழை போல ஏதோ ஒன்று.

"வரைஞ்சவரா?"

"வேற யாரு அங்க நிப்பாங்க?"

"பதினோரு மாசம் பார்த்தேனே டீச்சர்! ஒரு மனுஷனைப் போய் ஈ எச்சம்னு நினைச்சுட்டேனே."

அவசரமாக மிகச் சின்ன பிரஷைத் தேடி எடுத்துக் கறுப்பில் தொட்டார்.

"அஞ்சே நிமிஷம். இதையும் போட்டுட்டா முடிஞ்சதுதானே? அப்புறம் அக்காவை..."

டீச்சர் அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"நீங்க அந்த ஜன்னல் முன்னாடி நின்னீங்களா?"

"இல்லை."

"அப்ப வேண்டாம்."

அவர் பிரஷைக் கீழே வைத்தார்.

"இது முடியாம அக்காவை வரைய விடமாட்டீங்களே?"

"விட்டா வரைஞ்சிடுவீங்களா?"

அவர் ஓவியத்துப் பெண்ணைக் காட்டினார்.

"எனக்குப் பேருதான் தைரியநாதன். இவ முகத்துல தப்பு வந்தா சுரண்டிட்டு மறுபடி பார்த்துக்கலாம். இவ எங்க போகப்போறா? அக்கா முகத்தைத் தப்பா வரைஞ்சா, அப்புறம் எதைப் பார்த்துத் திருத்துவேன்?"

டீச்சர் நகலை ஸ்டாண்டிலிருந்து இறக்கி, சுவரைப் பார்த்துத் திருப்பி வைத்தார். ஒன்றும் வரையாத கான்வாஸ் ஒன்றை எடுத்து வந்து அவர் கையில் கொடுத்தார்.

"இப்பவே வீட்டுக்குப் போங்க. அக்காவை ஜன்னலைப் பார்த்து உட்கார வைங்க. நீங்க அந்த ஜன்னல் முன்னாடி கிட்ட நின்னு அவங்க கண்ணைப் பாருங்க. அதுக்குள்ள பயந்துபோன ஒருத்தர் நிப்பார்."

"அவரை என்ன டீச்சர் பண்றது?"

"அவரை முதல்ல வரைங்க. மத்ததை அவர் பார்த்துக்குவார்."