மூன்று மெழுகுவத்தி

ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் வேதநாயகம் சாரை யாராவது எதிர்த்துக் கேட்டால் போதும், மூக்குக்கு மேல் கோபம் வந்துவிடும். அன்றைக்குத் தட்டுத் தண்ணீரில் மெழுகுவத்தி ஏற்றிக் கண்ணாடி டம்ளரைக் கவிழ்த்தார். சுடர் அணைந்தது, தண்ணீர் உள்ளே ஏறியது.

"எரிஞ்சுபோன ஆக்சிஜன் இடத்துக்குத் தண்ணி வருது."

"அப்படியா சார்?" என்றாள் மாணவி ஜெசிந்தா.

"தப்புன்னா நிரூபி. இல்லேன்னா செய்முறைத் தேர்வில் உனக்கு முட்டைதான்!"

அவள் மூன்று மெழுகுவத்தி ஏற்றி அதே டம்ளரைக் கவிழ்த்தாள். தண்ணீர் இன்னும் மேலே ஏறியது.

"மூணைப் பார்த்ததும் ஆக்சிஜன் கூடிப்போச்சுங்களா சார்? சூட்டில் காத்து விரிஞ்சு வெளியே போயிடுது. ஆறினதும் தண்ணி ஏறுது."

வகுப்பு கொல்லென்று சிரித்தது. சார் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இத்தனை வருஷமா இதைத்தாம்மா சொல்லிக்குடுத்தேன். எல்லாரும் இப்போ டீச்சராயிட்டாங்களே."

ஜெசிந்தாவுக்குச் சிரிப்பு வரவில்லை. ஐந்தாம் வகுப்பில் அவளுக்கு இதைச் செய்துகாட்டிய டீச்சரும் சாரிடம் படித்தவர்தான். அன்று தண்ணீர் ஏறியதைப் பார்த்துத்தான் அவள் டீச்சராக ஆசைப்பட்டதே.