பூட்டுத் திருடன் கதைக்கு உரிமை வாங்கிய கதை

வடபழனியில் ஒரு படக் கம்பெனி இருந்தது. அறிவை ரொம்பச் சிக்கனமாகச் செலவழிக்கிற கம்பெனி. தயாரிப்பாளர் வீரபாகு, டைரக்டர் பூவலிங்கம், வசனகர்த்தா ஆராவமுதன், மூவருக்கும் சேர்த்து ஒரே ஒரு கேமரா. எடுத்த நாலு படமும் ஊத்திக்கொண்டன. ஐந்தாவதும் போனால் கம்பெனியை இழுத்து மூட வேண்டியதுதான்.

அந்தச் சமயம் நிருபர் செண்பகவல்லி ஒரு வாரப் பத்திரிகையில் எழுதிய உண்மைச் சம்பவம் சக்கைப்போடு போட்டது. முகத்தில் துண்டு கட்டிய ஒரு திருடன் பாத்திரக் கடையை வழித்து எடுத்துக்கொண்டு, முதலாளியை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டுப் போனான். மூன்றாம் நாள்தான் கதவை உடைத்தார்கள். திருடன் இன்னும் அகப்படவில்லை. நம் ஆட்கள் முந்திக்கொண்டு அந்தக் கதைக்கு உரிமை வாங்கினார்கள்.

கையெழுத்துப் போடும்போது செண்பகவல்லி, "சார், இது நிஜமா நடந்தது. ஒரு புள்ளிகூட மாத்தாதீங்க" என்றார்.

சொல்லியிருக்க வேண்டாம்.

"உண்மைக் கதைக்கு உண்மைத் திருடன்தானே நடிக்கணும்?" என்றார் வீரபாகு. மறுநாளே விளம்பரம் வந்தது: 'கதாநாயகன் தேவை. சம்பந்தப்பட்ட திருடர் நேரில் வரவும்.'

வந்தான். சினிமா ஆசை யாரை விட்டது? பெயர் மாசிலாமணி. "நான்தான் சார் அது" என்று ஒரு கொத்துச் சாவியை மேஜைமேல் வைத்தான். அடையாளத்துக்குக் கடையில் எடுத்த குத்துவிளக்கையும் கொண்டுவந்திருந்தான்.

மூவரும் அடுத்த அறைக்குப் போய் ஆலோசித்தார்கள்.

"அண்ணே, பத்திரிகையில என்ன போட்டிருக்கு? 'திருடன் முகத்தை யாருமே பார்த்ததில்லை'ன்னு போட்டிருக்கு" என்றார் ஆராவமுதன்.

"ஆமா."

"இவன் முகத்தை நாம மூணு பேரும் பார்த்துட்டோமே!"

பூவலிங்கம் நெற்றி வியர்வையைத் துடைத்தார். "நல்லவேளை. ஏமாந்திருப்போம்."

நீ அவன் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். மாசிலாமணியின் முகம் தொங்கிப்போனது. வீரபாகுவுக்கு மனசு கேட்கவில்லை. "சாவி விஷயத்துல கெட்டிக்காரனா இருக்கே தம்பி. ஆபீஸ் சாவியை நீயே வச்சுக்க" என்றார். திருடன் கையில் சாவி கொடுத்ததுபோல என்று ஊரில் பழமொழிதான் சொல்வார்கள். இவர்கள் செய்தே காட்டினார்கள்.

மறுநாள் மத்தியானம் மூவரும் சாப்பிட்டுவிட்டுக் கண்ணயர்ந்தார்கள். விழித்தபோது கேமரா இல்லை, மின்விசிறி இல்லை, சாப்பாட்டுக் கேரியர்கூட இல்லை. கதவு வெளியே பூட்டியிருந்தது.

"அவனேதான்!" என்று வீரபாகு ஆனந்தக் கண்ணீர் விட்டார். "நாம வாங்கின கதை அச்சு அசலா நடக்குதுய்யா!"

அடுத்த நாள் ஏதோ வேலையாக வந்த செண்பகவல்லி ஜன்னல் வழியே பார்த்துப் பதறிப்போய், சாவி செய்கிறவரைக் கையோடு கூட்டிவந்தார்.

"பூட்டைத் தொடாதீங்கம்மா!" என்று உள்ளேயிருந்து மூன்று பேரும் அலறினார்கள். "மூணாம் நாள்தானே கதவைத் திறக்கணும்? இன்னிக்கு ரெண்டாம் நாள்தான்!"

"ஐயோ சார், உங்க கேமராவே போயிடுச்சு! கம்பெனியே போச்சு!"

பசியில் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்த பூவலிங்கம் ஜன்னல் கம்பியில் முகத்தை வைத்தார்.

"கத்தாதீங்கம்மா. கேமரா அவன்கிட்டதான் இருக்கு. எங்கேயாவது மறைஞ்சு நின்னு படம் பிடிச்சிக்கிட்டிருப்பான்." பிறகு குரலைத் தாழ்த்தி, "நீங்க கொஞ்சம் தள்ளி நில்லுங்க. கதையில ரெண்டாம் நாள் யாரும் வரலை" என்றார்.