தோல்பையும் பித்தளைக் குடமும்

முதலில் மூச்சிரைப்புதான் படியேறி வந்தது. பிறகு ஒரு இருமல். ஆளை இன்னும் காணோம்.

மருந்து இடித்துக்கொண்டிருந்த சீடன் சங்கிலி, கையை நிறுத்திக் காது கொடுத்தான். மலைமேல் இருக்கும் அந்த வைத்தியசாலையில், படியேறி வருகிறவரின் மூச்சைக் கேட்டே நோயைச் சொல்வது வழக்கம்.

"நெஞ்சு தளர்ந்த ஆள், அம்மா."

குரு உலகம்மை வேர்களை ஆய்ந்துகொண்டே தலையசைத்தாள்.

வந்தவன் கொம்பையா, கோயில் திருப்பணிக்குக் கல் சுமப்பவன். பின்னால் சத்தமே இல்லாமல் அவன் மனைவி பேச்சி. அவளும் கல் சுமப்பவள்தான்.

சங்கிலி அவன் நாடியைப் பிடித்தான். "அண்ணாச்சி, மூணு மாசம் கல்லைத் தொடாதீங்க. உங்க பங்கையும் அக்கா சுமக்கட்டும். அவங்களுக்கு மூச்சுகூட வாங்கலையே!"

"அவளுக்கென்ன, இரும்பு! வழியெல்லாம் நின்னு நின்னு குரங்கு பார்த்துக்கிட்டு வந்தா."

"உங்களைவிட அழகா இருந்துச்சு," என்றாள் பேச்சி.

எல்லோரும் சிரித்தார்கள். உலகம்மையும் சிரித்தாள். "சங்கிலி, அந்தத் தோல்பையிலும் குடத்திலும் சுனைத் தண்ணீர் ஊற்று."

பழைய தோல்பை ஊற்ற ஊற்றத் தொங்கி, தையல்வழியே ஒழுகியது.

பித்தளைக் குடம் அவன் தினமும் தேய்ப்பது, பளபளவென்று இருந்தது. பாதி ஊற்றுவதற்குள் பொங்கி அவன் காலை நனைத்தது. உள்ளே கையை விட்டான். உப்புப் படிந்து சுவர் கல்லாய்த் தடித்திருந்தது.

"ரெண்டும் ஒரே தண்ணீரைத்தானே சுமந்தது, அம்மா?"

உலகம்மை பேச்சியைப் பார்த்தாள். சங்கிலியும் திரும்பினான்.

"அக்கா, எங்கெல்லாம் நின்னீங்க?"

"திருப்பத்துக்குத் திருப்பம்."

"எல்லா இடத்திலும் குரங்கு இருந்ததா?"

பேச்சி கொஞ்சம் தயங்கினாள். "ரெண்டு இடத்துல இருந்துச்சு."

அவள் நாடியைப் பிடித்தவன் நெடுநேரம் விடவில்லை. "ஆம்பளை நெஞ்சு பாரத்துக்கு விரிஞ்சிருக்கு. அக்காவுக்கு அந்தக் குடம் மாதிரி சுவர் தடிச்சு, உள்ளே இடமே இல்லை. ரெண்டு பேரும் கல்லைத் தொடக்கூடாது."

கொம்பையா பதறினான். "ஏன்டி, ஒரு வார்த்தை சொல்லலை?"

"நீங்கதான் ரெண்டு பேருக்கும் சேர்த்து மூச்சு வாங்கினீங்களே!"

கொம்பையா சிரித்தபடியே அவளைப் பிடித்து உட்காரவைத்தான். சங்கிலிக்குச் சிரிப்பு வரவில்லை. கொஞ்சம் விட்டிருந்தால் இரட்டைச் சுமையை ஏற்றி அனுப்பியிருப்பான்.

"அக்கா மூச்சு எனக்கு ஏன் கேட்கவில்லை, அம்மா?"

"நாளைக்குக் கீழே போ," என்றாள் உலகம்மை. "யாரோடாவது குரங்கு பார்த்துக்கொண்டே ஏறி வா."

சங்கிலி உலக்கையை எடுத்து மறுபடி இடிக்கத் தொடங்கினான். ஓர் இடிக்கும் அடுத்த இடிக்கும் நடுவே கையை நிறுத்தி, ஆளில்லாத படிப்பக்கம் கொஞ்சம் காது கொடுத்தான்.