பச்சைப்பாசிப் பொட்டலம்

"உங்க வாய்தான் மௌனம், சாமி. கை பேசிக்கிட்டேதான் இருக்கு."

திலகவதி இதைச் சொன்னபோது சாமி தொட்டியைக் கலக்கிக்கொண்டிருந்தார்.

நிறுத்தவில்லை.

ஆசிரமத்தின் பின்பக்கம் ஐந்து சிமெண்ட் தொட்டிகள். ஐந்திலும் பச்சைப்பாசி. தனித்தனியாகக் கண்ணுக்குத் தெரியாத உயிர். கோடிக்கணக்கில் சேர்ந்தால் தண்ணீரே பச்சை மையாகிவிடும். வெயில் இருக்கும்வரை மணிக்கொரு தடவை துடுப்பால் கலக்க வேண்டும். விட்டால் அடியில் படிந்து அழுகும்.

கலக்குவது சாமியின் வேலை. வடிகட்டி, உலர்த்தி, அரைத்துப் பொட்டலம் போடுவது திலகவதியின் வேலை. பாசியின் ஓடு உடைகிறவரை அரைக்க வேண்டும். உடையாவிட்டால் தின்றது தின்றபடியே வெளியே போகும்.

அவள் முப்பத்தொரு வருடம் அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தவள். ஓய்வு பெற்ற மறுமாதம் இங்கே வந்து சேர்ந்தாள். சாமியைவிட எட்டு வயது மூத்தவள். இந்த ஆறு வருடத்தில் அவரிடம் குரலை உயர்த்தியது இதுதான் முதல் தடவை.

சாமி பேசிப் பன்னிரண்டு வருடம் ஆகப்போகிறது. எழுதிக் காட்டுவதும் கிடையாது. வருகிறவர்கள் கும்பிட்டு எதையாவது கேட்பார்கள். சாமி வலது கையை உயர்த்துவார். எல்லாருக்கும் அதே கை, அதே உயரம். அதற்கு 'ஆகட்டும்' என்று அர்த்தம் என ஊர் முடிவு செய்து வைத்திருந்தது. அந்தக் கையை நம்பி நிலம் வாங்கினவர்கள் உண்டு. பெண்ணைக் கட்டிக் கொடுத்தவர்களும் உண்டு.

"சொர்ணத்தாயி ஒன்பது நாளா இன்சுலின் போடல. தெரியுமா உங்களுக்கு?"

துடுப்பு தண்ணீரைத் தள்ளியது.

"பூக்கடை சொர்ணத்தாயி. பொட்டலத்தைக் காட்டி, 'இதைத் தின்னா ஊசி வேண்டாம்ல சாமி'ன்னு கேட்டிருக்கா. நீங்க கையைத் தூக்கியிருக்கீங்க. நான் பக்கத்துல இல்ல. இருந்திருந்தா அந்தக் கையைப் பிடிச்சு இறக்கியிருப்பேன்."

சத்தம் கேட்டுப் பரமேஸ்வரன் ஓடி வந்தார். ஆசிரமத்தின் காரியதரிசி. கக்கத்தில் எப்போதும் ஒரு நீள நோட்டு இருக்கும். அதன் முதல் பக்கத்தைக் காலியாக விட்டு வைத்திருந்தார். மௌனம் முடிந்து சாமி சொல்லப்போகும் முதல் வார்த்தைக்கான பக்கம் அது.

"என்னம்மா இது? சாமி முன்னாடியா இப்படிக் கத்துறது?"

"பொட்டலத்துல வாசகம் எழுதினது நீங்கதானே? படிங்க."

"எதுக்கு இப்ப..."

"படிங்க ஐயா."

அவள் நீட்டிய பொட்டலத்தை அவர் வாங்கவில்லை. படிக்காமலே சொன்னார்.

"'சகல நோய்க்கும் ஒரே மருந்து.' சாமிகிட்ட காட்டிட்டுத்தான் அச்சுக்குக் கொடுத்தேன். கை உயர்த்தினார்."

"உங்களுக்கும் அந்தக் கைதானா?"

"பாசியில சத்தே இல்லேங்கிறீங்களா? அரைக்கிறவங்க நீங்கதானே?"

"யாரு இல்லேன்னா? பாதிக்கு மேல புரதம். இரும்பு இருக்கு. நானே தினம் ஒரு ஸ்பூன் மோர்ல கலந்து குடிக்கிறேன். ஆனா அது சாப்பாடு ஐயா. முருங்கைக்கீரை மாதிரி, முட்டை மாதிரி. முட்டையைக் கையில கொடுத்து ஊசியை நிறுத்துன்னு சொல்வீங்களா?"

"நம்பிக்கைன்னு ஒண்ணு இருக்கும்மா."

"அவ மூச்சுல பழவாசனை அடிக்குது. நம்பிக்கையோட வாசனை இல்ல அது, சர்க்கரை முத்திப்போன வாசனை. வார்டுல எத்தனை தடவை மோந்திருக்கேன். விடியக்காலையிலேருந்து வாந்தி. ஆஸ்பத்திரிக்குப் போலாம்னா வர மாட்டேங்கிறா. சாமியைப் பாத்துட்டு வீட்டுக்குத் திரும்பிடலாம்னு சொல்லித்தான் ஆட்டோவுல ஏறினா. வாசல்ல இருக்கா. நான் சொன்னா கேக்கல, டாக்டர் சொன்னாலும் கேக்க மாட்டா. ஒருத்தர் சொன்னா கேப்பா. அவர் தொட்டி கலக்கிக்கிட்டு இருக்கார்."

அவள் சாமியின் பக்கம் திரும்பினாள்.

"இன்னிக்குச் சாயங்காலம் தாண்ட மாட்டா, சாமி. நாளைக்கு அவ பிணத்துக்கும் கையைத் தூக்குங்க."

துடுப்பு நின்றது.

சாமி அதைத் தண்ணீரிலேயே விட்டுவிட்டு வாசலுக்கு நடந்தார்.

துடுப்பு பச்சையில் மிதந்தது. இப்படி அவர் விட்டுவிட்டுப் போய் யாரும் பார்த்ததில்லை.

*

சொர்ணத்தாய் ஆட்டோவின் கம்பியில் தலையைச் சாய்த்திருந்தாள். உதடு வெடித்திருந்தது. மடியில் பிரித்த பொட்டலம்.

சாமியைக் கண்டதும் இரண்டு கையையும் கூப்பினாள். அவர் கை தன்னால் எழுந்தது. பாதியில் அவரே அதைப் பார்த்தார். இறக்கிக்கொண்டார்.

பிறகு டவுன் ரோட்டைக் காட்டினார்.

"வழி காட்டிட்டீங்க சாமி. இது போதும் எனக்கு."

"எந்த வழிடி? ஆஸ்பத்திரி அந்தப் பக்கம்தான் இருக்கு. போகச் சொல்றார்" என்றாள் திலகவதி.

"உங்களுக்கு அப்படித் தெரியுதுக்கா. எனக்குத் தெரியும் சாமி என்ன சொல்றார்னு."

சாமி அவள் மடியிலிருந்த பொட்டலத்தை எடுத்தார். தலைகீழாகக் கவிழ்த்தார். பச்சைப் பொடி செம்மண்ணில் கொட்டியது.

சொர்ணத்தாய் ஆட்டோவிலிருந்து குனிந்தாள். மண்ணோடு ஒரு சிட்டிகை எடுத்து நெற்றியில் வைத்தாள். மீதியை வாயில் போட்டுக்கொண்டாள்.

"சாமி கை பட்டது."

"அடிப்பாவி, துப்புடி!"

சாமி திலகவதியின் தோளில் தொங்கிய பையைத் திறந்தார். இன்சுலின் குப்பியையும் ஊசியையும் எடுத்துச் சொர்ணத்தாயிடம் நீட்டினார்.

சொர்ணத்தாய் அதைப் பார்த்தாள். மெல்லச் சிரித்தாள்.

"சோதிக்கிறீங்க. அன்னிக்கு ஒண்ணு சொல்லிட்டு இன்னிக்கு மாத்துவீங்களா நீங்க? நான் ஏமாற மாட்டேன் சாமி."

ஆட்டோக்காரர் திரும்பிப் பார்த்தார். "எங்க போகணும்க்கா? ஆஸ்பத்திரியா, வீடா?"

"வீட்டுக்கு விடுப்பா" என்றாள் சொர்ணத்தாய். அவள் கண் செருகிக்கொண்டு வந்தது.

திலகவதி சாமியைப் பார்த்தாள். கத்துவதற்குக்கூட அவளிடம் ஒன்றும் மிச்சமில்லை.

சாமியின் வாய் திறந்தது.

பரமேஸ்வரனுக்குத்தான் அது முதலில் தெரிந்தது. அவர் குறுக்கே வந்து விழுந்தார்.

"சாமி, வேண்டாம்! விரதம் முடியப் பதினேழே நாள். பௌர்ணமிக்குப் பந்தல் சொல்லியாச்சு. எட்டு ஜில்லாவுலேருந்து ஜனம் வருது, முதல் வார்த்தை கேக்க. பன்னெண்டு வருஷம் சாமி!"

சாமி அவரை ஓரமாக நகர்த்தினார்.

முதலில் வெறும் காற்றுதான் வந்தது. சாமி இருமினார். தொண்டையைத் தடவிக்கொண்டு மறுபடி முயன்றார்.

"ஊசி போட்டுக்க, தாயி. ஆஸ்பத்திரிக்குப் போ."

சளி கட்டிய ஒரு சாதாரண ஆளின் குரல்.

ஆட்டோ எஞ்சின் மட்டும் படபடத்தது.

சொர்ணத்தாய் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகம் கோணியது. கூப்பிய கையைப் பிரித்தாள்.

"இதை அன்னிக்கே சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல, சாமி?"

"ஆமா" என்றார் அவர்.

அவள் புஜத்தைக் காட்டினாள். திலகவதி ஏறி உட்கார்ந்து, புடவைத் தலைப்பால் அதைத் துடைத்து ஊசியைப் போட்டாள்.

"பெரியாஸ்பத்திரி. சீக்கிரம் விடுப்பா."

ஆட்டோ வளைந்து திரும்பியது. பரமேஸ்வரன் நோட்டின் முதல் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார். பேனா மூடியைக் கழற்றியிருந்தார். எழுதவில்லை.

"இதையா சாமி இதுல எழுதறது?"

"அதுல வேண்டாம்" என்றார் சாமி. "பொட்டலத்துல எழுது."