எருதின் திமில் எங்கே?

மலைகளுக்கு யாரும் பெயர் வைத்திராத காலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போது கீழைநாட்டை வெண்மாறன் என்ற ராஜா ஆண்டுவந்தார். ஆண்டார் என்றால், காலையில் ஒரு நாழிகை. மற்ற நேரமெல்லாம் பழங்காசுகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

அவரிடம் பாட்டன் காலத்துச் செப்புக்காசுகள் மூன்று இருந்தன. மூன்றிலும் ஓர் எருது. மூன்றும் கறுத்துக் கிடந்தன.

மேலைநாட்டு ராஜாவிடமும் அதே எருதுக்காசு ஒன்று இருந்தது. யாருடைய காசு நல்ல நிலையில் இருக்கிறது என்று இருவருக்கும் போட்டி மூண்டது. இருப்பதில் சிறந்த காசு ஒன்று ஜெயித்தால் போதும். தோற்றவர் பட்டத்து யானையைக் கொடுத்துவிட வேண்டும். ராஜாக்களுக்கு வேறு வேலை ஏது?

காசுகளைக் கவனிக்க வெண்மாறன் நியமித்தது நன்னியனை. அவனுக்குக் காசைப் பற்றி ஒன்றும் தெரியாது. ராணியின் தம்பி, அந்தத் தகுதி போதாதா?

“மாப்பிள்ளை, யானை போனால் சாணம் அள்ள நீயும் கூடவே போவாய்” என்றார் ராஜா.

“கவலையை விடுங்கள் அத்தான்” என்றான் நன்னியன்.

காசுகளைத் திருப்பினான், முகர்ந்தான், சுண்டிப் பார்த்தான். அழுக்குதான் குறை என்று முடிவு செய்தான். பண்டிகைக்குக் குத்துவிளக்கை எப்படித் துலக்குகிறார்கள்? நேரே மடைப்பள்ளிக்குப் போனான்.

சமையற்காரி வடிவக்காள் இரண்டு உருண்டை புளியும் ஒரு பிடி செங்கல்பொடியும் கொடுத்தாள். முதல் காசை முந்நூறு தேய்ப்பு தேய்த்தான். இரண்டாவதை அறுநூறு. இரண்டும் உச்சிவெயில்போல ஜொலித்தன. மூன்றாவதை எடுத்தபோது புளி தீர்ந்திருந்தது.

“அக்கா, இன்னும் ஓர் உருண்டை.”

“ஒரு கொட்டைகூடக் கிடையாது. ராஜாவுக்கு ரசம் வைக்க வேணாமா?”

“யானை போயிடும், அக்கா!”

“போகட்டும். ரசம் இல்லேன்னா என் வேலை போயிடும்.”

போட்டி நாள் வந்தது. இரு நாட்டுக்கும் பொதுவான காசுப் பரிசோதகர் குறும்பியார் வெயிலில் உட்கார்ந்தார்.

“பளபளப்பை நான் பார்ப்பதில்லை. எருதில் மேடான இடம் மூன்று: கொம்பு, மூக்கு, திமில். தேய்மானம் முதலில் அங்கேதான் தெரியும்” என்றார்.

மேலைநாட்டுக் காசில் கொம்பு மட்டும் மழுங்கியிருந்தது. அடுத்து, நன்னியனின் முதல் காசைச் சாய்த்துப் பார்த்தார்.

“கொம்பைக் காணோம். மூக்கைக் காணோம். திமிலையும் காணோம். ராஜா, உங்கள் பாட்டனார் பன்றி வளர்த்தாரா?”

இரண்டாவதைப் பார்த்தார். “இது அதன் குட்டி.”

மேலைநாட்டார் யானைக்குச் சங்கிலி எடுத்துவரச் சொன்னார்கள். நன்னியன் கண்ணை மூடிக்கொண்டு கறுத்த காசை நீட்டினான்.

குறும்பியார் சாய்த்தார். மறுபடி சாய்த்தார். எழுந்தே நின்றுவிட்டார். “கொம்பு இருக்கிறது. மூக்கு இருக்கிறது. திமில் இருக்கிறது. கழுத்து மணியின் நாக்குகூட இருக்கிறது! கீழைநாடு வென்றது.”

ராஜா நன்னியனைக் கட்டிப்பிடித்தார். “இதை மட்டும் தொடாமல் வைத்தாயே! என்ன நுட்பம்! உனக்குக் ‘காசறிஞன்’ என்று பட்டம் தரப்போகிறேன். எப்படித் தெரிந்தது?”

நன்னியன் சுவடியில் படித்ததாகச் சொல்ல நினைத்தான். கனவில் முனிவர் வந்ததாகச் சொல்ல நினைத்தான். சங்கிலி கண்ணில் பட்டது. வாயில் வந்ததோ உண்மைதான்.

“புளி தீர்ந்துபோச்சு, அத்தான்.”

சபை சிரித்த சிரிப்பில் யானையே பிளிறியது. பட்டம் வடிவக்காளுக்குப் போனது.

“பட்டத்தைக் கரைத்தா ரசம் வைக்க முடியும்? புளி அனுப்புங்க” என்று சொல்லிவிட்டாள் அவள்.

உண்மையைச் சொன்னதால் நன்னியனுக்கு வேலை நிலைத்தது. ஒரே ஒரு கட்டளை: கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டுதான் காசுகளைப் பார்க்க வேண்டும். மூன்று வருடம் அப்படியே பார்த்தான். அதற்குப் பிறகுதான் அவனுக்குக் காசு பார்க்கத் தெரிந்தது.

ஆகையால் கேட்டவர்களே, ஒரு பொருளின் அருமை தெரியும்வரை அதைச் சீர்செய்யக் கை நீட்டாதீர்கள்.